சென்னியப்பனின் நாடா

பெட்டியைக் கீழே வைக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கோயம்புத்தூரிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் மடியில்தான் வந்தது. கண்டக்டர் மேலே போடச் சொன்னார், பின்னால் போடச் சொன்னார், கடைசியில் இதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஐம்பது வருஷம் சங்கத்தில் இருந்தவனுக்கு ஒரு கண்டக்டரோடு சண்டை போடத் தெரியாதா? அவரும் தொழிலாளி என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் நஞ்சப்பன். உங்கள் வீட்டில் சொல்லியிருப்பாள். இல்லையா? ஒருமுறைகூட? மில், சங்கம், கலைக்குழு, எதுவுமே? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் என்கிறீர்கள், பிரிட்டோ சார். தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர் நீங்கள். ஊரார் கடிதமெல்லாம் உங்கள் கையில் போய் வருகிறது. வீட்டுக்குள் இருந்த சங்கதி வந்து சேரவில்லை.

அவள் என்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தொன்பது வயதில் பார்த்த பெண். தோழர் ஜெசிந்தா என்றே சொல்கிறேன். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றீர்கள், நல்லது, வரட்டும். நாலரை மணிக்குத்தான் எனக்குத் திரும்பிப் போகிற பஸ்.

நான் வந்த காரியம் சின்னது. ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் நினைவு நாள். சங்க ஆபீஸ் கட்டடத்தை இந்த மாதத்தோடு காலி செய்யவேண்டும். இதுதான் அங்கே நடக்கிற கடைசி நினைவு நாள். அதில் தோழர் ஜெசிந்தா வந்து இந்தக் கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்கவேண்டும். ஒரே ஒரு பாட்டு. அழைக்க வந்திருக்கிறேன். அழைக்க மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிட்டாரா என்று பார்க்கிறீர்கள். ஆமாம், உங்கள் மனைவி கிட்டார் வாசிப்பார். நன்றாகவே வாசிப்பார். உங்கள் மகள் கிட்டார் வகுப்புக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது வேண்டாம் என்றாரா? கை புண்ணாகும் என்று சொன்னாரா?

அப்படியா சொன்னார்?

சரி. முதலிலிருந்து சொல்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கள் மில்லில் தறிப்பகுதியில் சென்னியப்பன் என்று ஒரு தொழிலாளி. தொண்ணூற்றொன்றாம் வருஷ வேலைநிறுத்தத்தில் நாற்பத்தேழாவது நாள், நூல் ஏற்றிய லாரியை வெளியே கொண்டுபோகப் பார்த்தார்கள். நாங்கள் கேட்டில் உட்கார்ந்திருந்தோம். லாரி நிற்கும் என்று நினைத்தோம். நான்தான் சொன்னேன், நிற்கும், யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று. நிற்கவில்லை. எல்லோரும் உருண்டு விலகினோம். சென்னியப்பன் விலகவில்லை. விலகவில்லையா, முடியவில்லையா, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. விலகவில்லை என்றுதான் துண்டறிக்கையில் எழுதினேன்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் படித்ததெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. சுவரில் ஒட்டியதைப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். நாலு முறை சிறைக்குப் போயிருக்கிறேன். என்னோடு சிறையில் இருந்தவர்கள் சிலர் இன்று பெரிய வீடு கட்டி வாசலில் நாய் வைத்திருக்கிறார்கள். போனால் நாய்தான் வரவேற்கும். எனக்கு வீடும் இல்லை, நாயும் இல்லை. அதை விடுங்கள்.

சென்னியப்பன் பெயரில் ஒரு கலைக்குழு தொடங்கினோம். கேட்டில், தெருமுனையில், டீக்கடை முன்னால் பாட்டும் நாடகமும். தொழிலாளர்கள் துண்டை விரித்துப் பணம் பிரித்துக் கொடுத்ததில் வந்தது இந்தக் கிட்டார். யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று கேட்டபோது, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதியில் வேலை பார்த்த அந்தோணிசாமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உங்கள் மாமனார். மெலிந்த மனிதர், பஞ்சுத் தூசியில் எப்போதும் இருமல். "பாப்பா கோயில்ல வாசிக்குங்க தோழர். இங்கயும் வாசிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். இரண்டும் அவருக்கு ஒன்று.

முதல் வருஷமே போலீஸ் எங்கள் சாமான்களை வேனுக்குள் வீசியது. அதில் கிட்டாரின் அடியில், கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும், பிளாஸ்டிக், அது உடைந்தது. கடையில் கேட்டால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. ஆபீஸ் சுவரில் சென்னியப்பனின் நாடா மாட்டியிருந்தோம். நாடா என்றால் தறியில் ஊடுநூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. அவர் தறியில் ஓடிய நாடா. அதில் ஒரு துண்டை அறுத்தேன். உடைந்த பட்டையைப் பக்கத்தில் வைத்து அளந்து, உப்புக் காகிதம் போட்டு இரண்டு நாள் தேய்த்து, ஒரு நூல் கூடாமல் ஒரு நூல் குறையாமல் பொருத்தினேன். இதோ, பெட்டியைத் திறக்கிறேன். இந்தக் கறுப்புத் துண்டு. தொட்டுப் பார்க்கலாம். இல்லை, வேண்டாம், பாருங்கள் போதும்.

அன்றைக்குச் செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். இந்தத் துண்டை யாரும் மாற்றக்கூடாது, செதுக்கக்கூடாது, அரத்தால் தொடக்கூடாது. எங்கள் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் தீர்மானம் உண்டு. தண்ணீர்ப்பானை வாங்கத் தீர்மானம், அது உடைந்தால் அதற்கும் தீர்மானம். சிரிக்காதீர்கள். தீர்மானம் இல்லாத இடத்தில் தனிமனிதன் புகுந்துவிடுவான்.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. பிறகு ஜெசிந்தா கேட்க ஆரம்பித்தாள். "கம்பி ரொம்ப உசரமா நிக்குதுங்க தோழர். அழுத்தவே முடியல. அந்தக் கட்டையக் கொஞ்சமே கொஞ்சம் தேச்சுக்கலாங்களா?" நான் சுவரில் இருந்த மீதி நாடாவைக் காட்டினேன். அவர் உயிரையே கொடுத்தார், நீ விரலைக் கொடுக்கமாட்டாயா என்று கேட்டேன். அது நல்ல பதில் என்று நினைத்தேன். இரண்டு மூன்று கூட்டங்களில் வேறு ஆட்களிடமும் அதையே சொன்னேன்.

இன்னொன்று. நிகழ்ச்சி முடிந்ததும் அவள் கம்பிகளைத் தளர்த்தி வைப்பாள். கோயிலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிப் பழக்கியிருந்தார். மறுநாள் திடீரென்று கேட்டில் கூட்டம் என்றால், இவள் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கிச் சுருதி பார்ப்பாள். பத்து நிமிஷம், கால் மணி நேரம். ஷிப்டு விட்டு வருகிற தொழிலாளி கால் மணி நேரம் நிற்பானா? பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவான். அதற்கும் தீர்மானம் போட்டேன். கம்பி எப்போதும் முறுக்கியே இருக்கவேண்டும். போராளியின் ஆயுதம் தயார் நிலையில் இருக்கவேண்டும். கிட்டாரை ஆபீஸ் தகரக் கூரைக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டோம், எடுத்தால் உடனே வாசிக்கிற மாதிரி. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தில் அப்பளம் சுடலாம்.

காபி நன்றாக இருக்கிறது. திக்காக இருக்கிறது. நீங்கள் உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பால் காய்வதற்குக்கூட நேரமாகவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் குரல்தான் கொஞ்சம் பெரிது. மைக்குக்கு அனுமதி மறுத்த காலத்தில் பழகிய குரல். அடுப்படி வரைக்கும் போனால் போகட்டும்.

வருஷம் போகப் போக அவள் விரல்கள் வெடித்தன. இடது கை நுனிகள். மெழுகுவர்த்தியை உருக்கித் தடவிக்கொள்வாள், பிளாஸ்திரி சுற்றிக்கொள்வாள். பிளாஸ்திரி சுற்றினால் சத்தம் மங்கும், கழற்றச் சொல்வேன். ஒருமுறை மே நாள் மேடையில் பாட்டு முடிந்ததும் நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். பாருங்கள் தோழர்களே, இந்த விரல்களில் வழிகிற ரத்தம் யாருடைய ரத்தம் என்று கேட்டேன். ஐந்து நிமிஷம் கைதட்டல் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய நல்ல பேச்சுகளில் அது ஒன்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கம் என்று நினைத்தேன்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நீங்கள் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்.

தொண்ணூற்றேழில் மறுபடி கேட்டாள். இந்த முறை தேய்க்கவேண்டும் என்று கேட்கவில்லை. டவுனில் கிட்டார் சரிபார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், எடுத்துக்கொண்டுபோய்க் காட்டலாமா என்றாள். கடைக்காரன் கையில் கொடுத்தால் முதல் வேலையாகச் சென்னியப்பன் துண்டைத்தான் அரத்தில் வைப்பான். அது எனக்குத் தெரியாதா? முடியாது என்றேன். தீர்மானம் இல்லாமல் கிட்டார் ஆபீஸை விட்டு வெளியே போகக்கூடாது என்றேன். அப்படித் தீர்மானம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கவில்லை. அன்று மாலையே போட்டோம்.

ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சிங்காநல்லூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கையில் கிட்டார். போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தாள். எங்கே என்றேன். "டவுனுக்குங்க தோழர்" என்றாள். தீர்மானம் இருக்கிறதா என்றேன். கட்டை, தொடமாட்டாங்க, கேட்டுட்டு வந்துட்டேன் என்று ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அத்தனை ஜனம் பார்க்க அவள் கையிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டேன். அவள் பிடித்து இழுக்கவில்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சி என்று நினைத்தேன். திருடாதவள் என்றால் இழுத்திருக்கவேண்டாமா?

நீங்களே சொல்லுங்கள். போர்வையில் சுற்றிய கிட்டார். டவுனில் பழைய சாமான் வாங்குகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவள் தம்பி கல்லூரியில் சேருகிற வருஷம். ஒருவன் என்ன நினைப்பான்? விற்கப் போகிறாள் என்றுதானே?

திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டுக்குத் துண்டறிக்கை அடித்தேன். ஐந்நூறு பிரதி. "கலைக்குழுவின் பெயரால் களவு!" அதுதான் தலைப்பு. வார்த்தை தானாக வந்து விழுந்தது. கார்டிங் பகுதி அந்தோணிசாமியின் மகள் ஜெசிந்தா, தொழிலாளர்கள் பிரித்துக் கொடுத்த பொதுச்சொத்தை, தியாகியின் நினைவுச் சின்னத்தை, விலைபேசக் கொண்டுபோனபோது கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று எழுதியிருந்தேன். மெகாபோனில் வாசித்துக்கொண்டே கேட்டில் நின்று கொடுத்தேன். கூட்டம் வேகமாக வருகிறது. ஆள் முகம் பார்க்க நேரமில்லை, கைதான் தெரியும். நீட்டிய கையில் எல்லாம் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்தோணிசாமி.

அவர் படித்தார். நின்று, முழுவதும் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் சங்கத்திலிருந்து விலகவில்லை. ஊர்வலம் என்றால் கடைசி வரிசையில் கொடி பிடித்துக்கொண்டு வருவார். அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. கோபம் இருந்தால் விலகிப் போயிருக்கவேண்டும். கோபம் இல்லையென்றால் பேசியிருக்கவேண்டும்.

ஜெசிந்தா வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. கிட்டார் ஆணியில் தொங்கியது. அப்புறம் யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் கம்பிகளை நான் தளர்த்தவில்லை. தீர்மானம் தீர்மானம்தான். அறுந்துபோனால் புதுக் கம்பி வாங்கிவந்து அதே முறுக்கில் கட்டுவேன். இரண்டாயிரத்து மூன்றில் மில்லையே மூடிவிட்டார்கள்.

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். கடைசி நினைவு நாளுக்கு ஒரு பாட்டாவது வேண்டுமே என்று ஒரு கல்லூரி விரிவுரையாளரைக் கூப்பிட்டேன். நல்ல பையன், நம் பக்கம்தான், கிட்டார் வாசிப்பார். இதை எடுத்து மடியில் வைத்துக் கம்பிகளை அழுத்தி வாசித்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம்தான். கீழே வைத்துவிட்டார். "இது என்னங்கய்யா, அரிவாள் மேல கை வெச்சாப்பல இருக்குது. இதுல யாருங்க வாசிச்சா?" என்றார். ஒரு பெண் ஐந்து வருஷம் வாசித்தாள் என்று நான் பெருமையாகத்தான் சொன்னேன். "அஞ்சு வருஷமா?" என்று கேட்டுவிட்டு அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்காது என்று நினைத்துக்கொண்டேன். வேறு வழியில்லை. தீர்மானம் போட்டு டவுனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். செயற்குழுவில் இப்போது நாங்கள் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார். ஏகமனதாக நிறைவேறியது.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படி ஏறினால் உபைதுல்லா கடை. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, காலத்திலிருந்து இதே வேலை. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தக் கறுப்புத் துண்டு இறந்துபோன ஒருவருடையது, இதை மட்டும் தொடாமல் சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிட்டாரை வாங்கினார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சன் பலகையின் நேர் பார்ப்பதுபோல் அடியிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். "கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்குதுங்கண்ணா" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. முப்பது வருஷமாகச் சுவரில் தொங்குகிறது, ஒருநாள்கூட நான் அப்படி ஒரு கண்ணை மூடிப் பார்த்ததில்லை. பிறகு தலைப்பக்கம் காட்டினார். அங்கே ஆறு பள்ளம் வெட்டிய ஒரு பட்டை, அதன் வழியாகத்தான் கம்பி போகிறது. அந்தப் பள்ளங்கள் ஆழம் போதாது, கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டார்கள், விரல் வைக்கிற இடத்தில் கம்பி அந்தரத்தில் நிற்கிறது என்றார். கடைசியாகச் சென்னியப்பன் துண்டில் ஒரு இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தார். "இத யாருங்கண்ணா வெச்சது?" நான்தான் என்றேன். "சுத்தமா இருக்குது. சரியான ஒசரம். இதத் தொட வேண்டியதே இல்லை" என்றார்.

பார்த்தீர்களா? நான் அளந்தது சரி. ஒரு நூல்கூடத் தப்பவில்லை. ஜெசிந்தாவும் அந்தத் துண்டைத்தான் குற்றம் சொன்னாள். அதில் அவள் சொன்னது தவறு, நான் சொன்னதுதான்...

இருக்கட்டும்.

தலைப்பக்கம் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினார். உள்ளே ஒரு துவாரம். கழுத்துக்குள்ளே நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம், இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. வளைந்த சாவி ஒன்றை உள்ளே விட்டுக் கால் சுற்றுத் திருப்பினார். கால் சுற்றுதான். ஒருநாள் விட்டுவிட்டு மறுபடி கால் சுற்று. ஊசி மாதிரி அரம் போட்டுத் தலைப்பக்கத்துப் பள்ளங்களை இழைத்தார். மூன்றாம் நாள் போனேன். என் கையைப் பிடித்துக் கம்பிமேல் வைத்து அழுத்தச் சொன்னார். எழுபத்துநாலு வயதுக் கை, ஒரு நாளும் கிட்டார் வாசிக்காத கை. வெண்ணெயில் அமுங்குவதுபோல் அமுங்கியது.

எதனால் கழுத்து வளைந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "கம்பிய லூஸ் பண்ணாம முறுக்கியே வெச்சிருக்காங்க. அதுவும் தகரத்துக்கு அடியில, வெக்கையில. ஆரு பண்ணுனாங்கன்னு தெரியல, இழுத்து இழுத்து மரம் குனிஞ்சிருச்சு" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. கடைக்காரரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

எழுந்துவிட்டேன். பெட்டியைப் பூட்டினேன். அப்போதுதான் அவர் கேட்டார். "அண்ணா, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" எந்தப் பெண் என்றேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அத்தா இருக்கும்போது, ஒரு மில்காரர் மகள் கடைக்கு வந்தாளாம். கிட்டார் கொண்டுவரவில்லை, வெறும் கையோடு வந்தாள். விரலெல்லாம் பிளாஸ்திரி. இறந்துபோனவர் கட்டை ஒன்று இருக்கிறது, அதைத் தொடாமல் சரிசெய்ய முடியுமா என்று கேட்டாளாம். நான் முதல்நாள் கேட்ட அதே வார்த்தை. அத்தா, கிட்டாரின் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, தொடவேண்டாம், வேறு வழி இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவா, உட்காரவைத்தே செய்து தருகிறேன் என்றாராம். "இப்படி யாரும் கேட்டதில்லீங்க, அதனால ஞாபகம் இருக்குது. சனிக்கிழம அத்தா சாப்பாட்டுக்குப் போகாமக் காத்திருந்தாரு. வரவே இல்லைங்க."

கட்டை, தொடமாட்டாங்க, கேட்டுட்டு வந்துட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டார்கள்போல் இருக்கிறது. இவ்வளவு நேரம் குக்கர் சத்தம் இருந்தது.

அங்கேயே, அந்த மாடிப்படியில் உட்கார்ந்தேன். உபைதுல்லா தண்ணீர் கொடுத்தார். திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிறேன், பஸ்ஸில் நாலு மணி நேரம் என்றேன். வெயிலாக இருக்கும், கம்பியைத் தளர்த்திக்கொண்டு போங்கள் என்று எப்படித் திருப்புவது என்று காட்டினார். நானே தளர்த்தினேன். ஆறு கம்பியையும். முறுக்க எனக்குத் தெரியாது. அது ஜெசிந்தாவுக்குத்தான் தெரியும். அதனால்தான் சார், வேறு யாரையும் வைத்து இந்த நினைவு நாளை நடத்தமுடியாது.

இன்னொன்றும் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் துணிப்பையில். மறுப்பு அறிக்கை. நானே எழுதி நானே அச்சடித்தேன், ஐந்நூறு பிரதி. அன்றைக்கு எத்தனையோ அத்தனை. அதே கேட்டில் நின்று கொடுக்கவேண்டும் என்று போன வாரம் போனேன். கேட் எங்கே இருக்கிறது? அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். காவலாளி ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தான். எந்த பிளாக்கில் சார் வீடு விற்பனைக்கு என்று கேட்டான். முதல் அறிக்கையைப் படித்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் எங்கெங்கோ. அந்தோணிசாமி சட்டைப்பையில் வைத்த அந்தப் பிரதி எங்கே போயிற்றோ.

வைத்திருந்தாரா? அவர் பெட்டியில் இருந்ததா? அவர் இறந்தபிறகு நீங்களே பார்த்தீர்களா? நாலாக மடித்து. என்ன காகிதம் என்று நீங்கள் கேட்டதும் ஜெசிந்தா அதை வாங்கிவைத்துக்கொண்டாரா.

சரி. அப்படியானால் இதையும் கொடுங்கள். ஒரு பிரதி. கோயிலிலிருந்து வந்ததும் கொடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உள்ளேதான் இருக்கிறார், எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுங்கள். அல்லது நானே வாசிக்கிறேன், கேட்கட்டும். இருங்கள், எழுந்து நின்றால்தான் எனக்கு வாசிக்க வரும்.

"தொழிலாளத் தோழர்களே! கடந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எமது சங்கத்தின் பெயரால் வெளியிடப்பட்ட துண்டறிக்கையில், கார்டிங் பகுதித் தொழிலாளி தோழர் அந்தோணிசாமியின் மகள் தோழர் ஜெசிந்தா பற்றிக் கூறப்பட்ட செய்தி, தவறான தகவலின் அடிப்படையில் அமைந்துவிட்டது என்பதைச் சங்கம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது. இப்படிக்கு, செயற்குழு."

அவ்வளவுதான். கொண்டுபோங்கள்.

என்ன, அதற்குள் வந்துவிட்டீர்கள்? படித்தாரா? என்ன சொன்னார்? சொல்லுங்கள், பரவாயில்லை. நான் கேட்காத வசவா?

யார் கொடுத்த தகவல் என்று கேட்கிறாரா.

தகவல் என்றால், அறிக்கையில் அப்படித்தான் எழுதுவது வழக்கம். சங்கத்துக்குக் கிடைத்த தகவல். பஸ் நிறுத்தத்தில் பார்த்தது நான். விற்கப் போகிறாள் என்பது, அது யாரும் வந்து சொன்னதில்லை. கடைக்காரர்கள் சொல்லவில்லை. அவள் தம்பியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செயற்குழுவில் ஒருவர் கேட்கக்கூடச் செய்தார், விசாரித்துவிட்டு அடிக்கலாமே தோழர் என்று. நான்தான், அச்சுக்குப் போய்விட்டது என்றேன். போகவில்லை. அப்போது போகவில்லை.

லாரி நிற்கும் என்று சொன்னதும் நான்தான்.

பிரிட்டோ சார், உங்களிடம் பேனா இருக்கிறதா? தபால் ஆபீஸ்காரர் வீட்டில் பேனா இல்லாமல் இருக்குமா. கொடுங்கள். இந்த ஸ்டூலை இழுத்துக்கொள்கிறேன். "தவறான தகவலின் அடிப்படையில் அமைந்துவிட்டது" என்பதை அடிக்கிறேன். "சங்கம்" என்பதையும் அடிக்கிறேன். மேலே சின்னதாக எழுத இடமிருக்கிறது. நஞ்சப்பன் ஆகிய நான் சொன்ன பொய். இப்படிச் சரியா? பொய் என்றே எழுதுகிறேன். இதை உள்ளே காட்டிவிட்டு வாருங்கள், சரியென்றால் மீதியையும் இப்படியே திருத்துகிறேன். ஐந்நூறு இருக்கிறது. காவலாளிக்குக் கொடுத்தது போக நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

நாலரை பஸ் போகட்டும். கிட்டாரை இனி மடியில் வைத்து எழுதமுடியாது. அந்தச் சுவரோரம், நிழலாக, சாய்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கம்பி தளர்ந்தே இருக்கட்டும். அவசரமில்லை.